கட்டில் கம்பியில் இருந்தது

வேதநாயகி அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. ஓசூர் ரோட்டை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடியின் துப்புரவு முழுக்க அவள் பொறுப்பு. வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கெல்லாம் வந்து நின்றுவிடுவாள். அவள் துடைத்த அறைக்குள் நுழைந்தால் எலுமிச்சை வாசனை அடிக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிரிட் திரவத்தை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கையில் தேய்த்துக்கொள்வாள். தேய்க்காமல் உள்ளே வருகிறவர்களை, டாக்டரே ஆனாலும், வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

போன ஜூலையில் 307ஆம் அறைக்கு லட்சுமம்மா வந்தார். ஹெப்பகோடிக்காரர், வயது அறுபத்தெட்டு. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். கூட இருந்தவள் மகள் வீணா. கன்னட வீடுதான், ஆனால் இருவருக்கும் தமிழ் தண்ணீர்ப்பட்ட பாடு.

"ரூமு கமகமன்னு இருக்கும்மா. எங்க வீடு கூட இப்படி இல்ல" என்றார் லட்சுமம்மா, வந்த அன்றே. வேதநாயகிக்கு அந்தப் பேச்சு இரண்டு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. சீழ் பிடிக்காமல் இருக்க ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். ஆறாம் நாள் வயிறு கெட்டது. ஒரே பகலில் பதினான்கு தடவை. வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, லட்சுமம்மா துவண்டு போனார். மலத்தைச் சோதித்ததில் குடலைப் புண்ணாக்கும் ஒரு பாக்டீரியா என்று தெரிந்தது. ஊசிக் குப்பியில் இருந்த மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பத்து நாளில் தேறி, வீணாவின் தோளைப் பிடித்தபடி நடந்தே லிஃப்ட் வரை போனார். போகும்போது வேதநாயகியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்து அந்த அறைக்கு நிமோனியாவோடு தருண் என்ற கல்லூரி மாணவன் வந்தான். ஐந்தாம் நாள் அவனுக்கும் அதே வயிற்றுப்போக்கு.

தொற்றுத் தடுப்பு நர்ஸ் லீனா, நோயாளிகளின் பழைய ஏடுகளைப் புரட்டிவிட்டு வெளிறிப்போன முகத்தோடு வந்தாள். "வேதாக்கா, லட்சுமம்மாவுக்கு முன்னாடி இதே ரூம்ல இடுப்பு ஆபரேஷன் தாத்தா இருந்தாரே, அவருக்கும் இதேதான். மூணு பேர், வரிசையா."

"ரூம்ல என்ன சிஸ்டர் இருக்கு? நான் கழுவுன ரூம் அது."

"அதான் எனக்கும் புரியல."

தருணை வேறு அறைக்கு மாற்றினார்கள். 307ஐ வேதநாயகியே, யாரையும் பக்கத்தில் விடாமல், மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகு நுண்ணுயிரியல் டாக்டர் பத்ரிநாத் பஞ்சுக் குச்சிகளோடு வந்து கட்டில் கம்பி, அழைப்பு மணியின் பொத்தான், கழிவறைக் கைப்பிடி எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். போகட்டும், ஒன்றும் வராது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

நான்காம் நாள் டாக்டர் அவளைக் கீழே லேபுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மூடி போட்ட வட்டத் தட்டு ஒன்று இருந்தது. அவர் மூடியை லேசாகத் திறந்ததும் குதிரை லாயத்து வாடை குப்பென்று வந்தது. தட்டில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது.

"இது கட்டில் கம்பிம்மா. நீங்க துடைச்ச பிறகு எடுத்தது."

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். சிவப்புக் குச்சிகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவிலும், சில குச்சிகளின் உள்ளேயும், ரவையை விடச் சின்னதாகப் பச்சை மணிகள்.

"சிவப்பா இருக்கறது கிருமி. காத்து பட்டா செத்துடும். ஆனா சாகறதுக்கு முன்னாடி தனக்குள்ளயே அந்தப் பச்சை விதையை உண்டாக்கிடும். மேல கெட்டி ஓடு, அடுக்கடுக்கா. உடம்பு கரைஞ்சு போயிடும், விதை மட்டும் நிக்கும். அதுக்குச் சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம். மாசக்கணக்கா கம்பியில அப்படியே உக்காந்திருக்கும்."

"ஸ்பிரிட்டு போட்டா?"

"ஒண்ணும் ஆகாது. நம்ம ஆஸ்பத்திரி துடைக்க வாங்கற அந்த வாசனை மருந்துக்கும் ஒண்ணும் ஆகாது. கையில இருந்தா சோப்பு போட்டுத் தண்ணியில தேய்ச்சுக் கழுவணும். கம்பிக்கு ப்ளீச்சிங்தான்."

"அப்புறம் அது எப்படி சார் உயிர் வரும்?"

"யார் கையிலயாவது ஒட்டி, வாய் வழியா வயித்துக்குள்ள போயிடும். பித்தநீர் மேல பட்டதும் முழிச்சுக்கும். ஓடு உடையும், கிருமி வெளிய வரும். நல்லா இருக்கறவங்க குடல்ல ஏற்கெனவே கோடிக்கணக்கான நல்ல கிருமிங்க இருக்கும், அதுங்க இதை வளர விடாது. ஆன்டிபயாட்டிக் எடுத்தவங்களுக்கு அந்தக் காவல் இல்ல."

வேதநாயகி தன் கைகளைப் பார்த்தாள். ஸ்பிரிட் பட்டுப் பட்டுத் தோல் வெளுத்த கைகள். இத்தனை வருஷமாக எத்தனை அறை, எத்தனை கட்டில் என்று மனம் ஓடியது. டாக்டர் மேற்கொண்டு சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

அதே வாரத்தில் லட்சுமம்மா திரும்பி வந்தார், ஸ்ட்ரெச்சரில். மருந்து நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. வேதநாயகி லீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குணமாயிடுச்சுன்னுதானே சிஸ்டர் அனுப்புனாங்க!"

"மருந்து கிருமியைத்தான் கொல்லும் அக்கா. விதைங்க குடல்லயே தங்கிடும். மருந்து நின்னதும் திரும்ப முளைக்குது. இவங்களுக்கு அப்படித்தான் ஆயிருக்கு."

மூன்றாம் நாள் மத்தியானம் லட்சுமம்மா இறந்தார். குடல் வீங்கி, ரத்தத்தில் விஷம் பரவிவிட்டது. தாழ்வாரத்தில் வீணா அழவே இல்லை. "கல்லு எடுக்கத்தானே வந்தாங்க? கல்லு எடுக்கத்தானே?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வேதநாயகி பத்ரிநாத்தின் அறைக்குப் போய் நின்றாள். "சார், ஒண்ணு சொல்லணும். லட்சுமம்மா சேர வந்த அன்னிக்கு, பெட்டு வேணும் பேகா பேகா, சீக்கிரம் சீக்கிரம்னு கீழேர்ந்து போன் மேல போன். இருபது நிமிஷத்துல முடிச்சேன். பாத்ரூம் துடைச்ச துணியை அலசிட்டு அதுலயே கட்டில் கம்பியையும் துடைச்சேன். வேற துணி எடுக்க ஸ்டோருக்கு இறங்கணும்னு சோம்பல் பட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "புதுத் துணியா இருந்தாலும் அந்த மருந்து அதைக் கொன்னிருக்காதும்மா. எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

"தெரியும் சார். நான் செஞ்சதை எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டில் கணவர் பெருமாள்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா வேதா? யாரும் கேக்கலியே! வேலை போயிடுமே!"

"கன்னத்தைத் தொட்டுட்டுப் போனாங்க" என்றாள்.

மருத்துவக் குறிப்புகளை வாங்க வீணா வந்த அன்று, பில்லிங் கவுன்டர் பக்கத்தில் வேதநாயகி அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். துணியைப் பற்றி, இருபது நிமிஷத்தைப் பற்றி, பச்சை விதையைப் பற்றி. கேட்கக் கேட்க வீணாவின் முகத்திலிருந்து ரத்தமே வடிந்துவிட்டது போலிருந்தது.

"நிமகே கொத்தித்தா? தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"துணி தெரியும்மா. அது அங்க உயிரோட இருக்கும்னு தெரியாது."

வீணா பின்வாங்கிப் பின்வாங்கி வாசல் வரை போனாள். கடைசி வரை அவளை முறைத்துக்கொண்டேதான் போனாள். அடுத்த வாரம் புகார் வந்தது. விசாரணை நடந்தது. அவசரப்படுத்தியது நிர்வாகம், துடைக்கத் தவறான மருந்தை வாங்கியதும் நிர்வாகம் என்று பத்ரிநாத் எழுத்தில் கொடுத்தார். ஆஸ்பத்திரி தன் பிழையை ஒப்புக்கொண்டு வீணாவுக்குக் கடிதம் தந்தது. ஓர் அறைக்கு ஒரு மணி நேரம், ப்ளீச்சிங், அறைக்கொரு துணி என்று விதி வந்தது. வேதநாயகியின் பொறுப்பைப் பறித்துச் சலவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். தருண் பிழைத்தான். அதற்குப் பிறகு 307இல் யாருக்கும் அந்த நோய் வரவில்லை.

இதற்கெல்லாம் முன், விசாரணையின் கடைசி நாளில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த விசாரணை அதிகாரி வீணாவிடம் கேட்டார்: "இவங்க மேல தனியா நடவடிக்கை வேணுமா?"

"இவங்க வாயைத் திறக்கலேன்னா எங்கம்மா எதனால போனாங்கன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. வேணாம்" என்றாள் வீணா. பிறகு வேதநாயகி நின்ற பக்கம் திரும்பாமலே பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். வேதநாயகி கைகளைக் கட்டியபடி, அந்தக் காலடிச் சத்தம் கேட்காமல் போகும்வரை அங்கேயே நின்றாள்.