நாற்பது நாள் மௌனம்

டிங்கர்காரருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அது தப்பு. மூக்கு வரை வந்து சேர அவர் கோபத்துக்குப் பொறுமை ஏது? நசுங்கிய கார்க் கதவுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற அந்தப் பட்டறையில், இரும்புச் சத்தத்தையும் மீறி அவருடைய ஏச்சு தெருமுனை வரை கேட்கும். திட்டிய கையோடு டீயும் வாங்கிக் கொடுப்பார் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒருவர் எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி. அண்ணன் நிமிர்த்திய வண்டிக்கு அதே பட்டறையில் பெயின்ட் அடித்தவர். ஒருநாள் பெயின்ட் கொப்புளம் விட்டுவிட்டது. வண்டிக்காரர் முன்னாலேயே, "என் நிழல்ல முளைச்ச காளான்டா நீ" என்றார் அண்ணன். தம்பி கையைக் கழுவிக்கொண்டு போய், மூன்று தெரு தள்ளித் தனிப் பட்டறை போட்டார். ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. சொன்ன வார்த்தை அண்ணனை உள்ளுக்குள் அரித்தது. போய் மன்னிப்புக் கேட்கத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் வக்கீலின் காரில், பின் சீட்டுக்கு அடியில் அந்தப் புத்தகம் கிடைத்தது. சூஃபிப் பாடல்கள், தமிழில். "படிச்சிட்டுக் குடுங்க, அவசரமில்ல" என்றார் அந்த அம்மா. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாளுக்கு ஒரு பக்கம் படித்தார். நாக்கைக் கட்டிப் போட்டால்தான் உள்ளே யார் அழுகிறார்கள் என்று தெரியும் என்றது ஒரு பாடல். நாற்பது நாள் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிக்காதே என்றது இன்னொன்று. அதனால் மனைவிக்கும் பட்டறை ஆட்களுக்கும் மட்டும் சொல்லி, வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். நாற்பது முடிந்ததும் முதல் பேச்சு தம்பியிடம்தான் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் வாரம் வாய் நமநமவென்றது. மூன்றாம் வாரம் சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தபோதுகூடச் சத்தமில்லை. முகம் தெளிந்துவிட்டது. "இந்த மனுஷனை இன்னொரு தடவை கட்டிக்கலாம் போல இருக்கே" என்று மனைவி சிரித்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் மதியம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தம்பி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, எம்மேலயும் தப்பு இருக்கு. எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருக்கிறது? ஒரு வார்த்தை பேசுண்ணே."

டிங்கர்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். தம்பி உட்காரவில்லை. பக்கத்திலேயே சாக்பீஸ் கிடந்தது; ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏழு வருஷத்துக் குற்றத்தைச் சாக்பீஸிலா சொல்வது என்று நினைத்தார். முப்பது நாள் பாடு வீணாகக் கூடாதே என்ற ஆசையும் இருந்தது. அதை அவர் இன்றைக்கும் மறைப்பதில்லை. இன்னும் ஒன்பது நாள்தானே! அமைதியாகப் புன்னகை செய்தார். தம்பி கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பத்தாறாம் நாள் காலை, பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போய், தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "கோபம் இல்லம்மா. மனசு அடங்கட்டும்னுதான் வாயை மூடியிருந்தேன்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"கோபம்னு அவர் நினைக்கல மாமா. கோபமா இருந்தா திட்டியிருப்பாராம். 'அண்ணன் முகத்துல கோபமே இல்ல, என்னை அடியோட மறந்துட்டாரு'ன்னு சொல்லி அழுதாரு. நீங்க நாலு வார்த்தை திட்டியிருந்தா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்பாரு."

டிங்கர்காரர் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தம்பி படத்தின் முன்னால் போய் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி, தொண்டை கிழியக் கத்தினார்.

"மடையா! ஸ்டூல் போட்டேன்ல? உட்காரக் கூடாதாடா?"