நடுவுல வர்றதப் புடி

பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முட்டை நல்லதா கூமுட்டையா என்று பார்ப்பவர்போல இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். பிறகு ஜன்னல் ஓட்டை வழியாக அதைத் திருப்பி நீட்டுகிறார். "இது மூத்திரம் இல்லம்மா, பவுடர் தண்ணி. கழுவிட்டுப் புடிக்கச் சொன்னேனா இல்லையா?" அந்தத் தாய் கைக்குழந்தையோடு மறுபடி பெஞ்சில் போய் உட்காருகிறாள்.

ஆஸ்பத்திரியில் மூத்திரம் வாங்கும் ஜன்னல் அவருடையது. பாட்டில் சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்குக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதும், மாடியில் இரத்தக்கொதிப்போடு படுத்திருக்கும் கர்ப்பிணிகளுக்கு உப்பு போகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. "டாக்டருங்க வெளிய பாத்துச் சொல்றவங்க. நான் உள்ள இருந்து வர்றதப் பாத்துச் சொல்றவன்" என்பார். கையெழுத்துப் போடுவது என்னவோ டாக்டரம்மாதான்.

வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டுத் தேய்த்த மடிப்பில் விரல் பட்டால் அறுக்கும். அழுகிற குழந்தை ஜன்னல் பக்கம் வந்தால் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்துகொள்வார். இருபது வருஷத்தில் ஒரு குழந்தையைத் தொட்டதில்லை. தொடுகிறவர்களுக்குப் பாடம் மட்டும் நடத்துவார்: "மொதல்ல வர்றத விடு, நடுவுல வர்றதப் புடி, கடைசிய விட்டுடு." முதலில் வருவது தோல் அழுக்கையும் கழுவிக்கொண்டு வருமாம். நியாயம்தான். ஆண்டவன் குழந்தைகளுக்கு எல்லாம் கொடுத்திருக்கிறான். சொன்ன நேரத்தில் போகும் புத்தியை மட்டும் கொடுக்கவில்லை. அதைப் பாட்டில் சாரிடம் யார் சொல்வது?

போன வாரம் ஒரு தகப்பன் வந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் தங்கச்சியும். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நாளாக இறங்காத காய்ச்சல். பெண்டாட்டி மாடியில், ஏழு மாதம், கொதிப்பு ஏறி முகமெல்லாம் வீக்கம். காலையிலிருந்து படி ஏறி இறங்கியே அவன் பாதி ஆளாகிவிட்டான். பிள்ளையின் மூத்திரத்தைப் பிடித்த பிறகுதான் ஊசி, அதுவும் பதினொரு மணியைத் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊசி முந்திக்கொண்டால் கிருமி அகப்படாது. பிள்ளையும் இரண்டு தடவை போனான். ஒன்று அத்தை மடியில், ஒன்று அத்தையின் பையில்.

பாட்டில் சாருக்கு இரக்கம் வந்ததா? "கையில ஒரு வயசு, வயித்துல ஏழு மாசம். அந்தப் பொண்ணுக்கு மூச்சு விடவாச்சும் நேரம் குடுத்தியா மாப்ள?" என்றார். பெஞ்சு சிரித்தது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான்.

பத்தரைக்குத் திரும்பி வந்து பாட்டிலை நீட்டினான். கழுத்துவரை நிரம்பியிருந்தது.

சார் வெளிச்சத்தில் பார்த்தார். "பிள்ளைதான் போனானா?"

"சத்தியமா சார்."

ஆஸ்பத்திரியில் செய்கிற சத்தியத்தை ஆண்டவன் கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். உள்ளே போன சார் ஒரு சின்ன அட்டையோடு வந்தார். கர்ப்பமா என்று பார்க்கும் அட்டை. பளிச்சென்று இரண்டு கோடு.

"நல்ல சேதி தம்பி. உன் பையன் முழுகாம இருக்கான்."

பெஞ்சே குலுங்கியது. அத்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, அண்ணி கட்டிலுக்குக் கீழ இருக்கிற கேன்ல இருந்தா ஊத்திட்டு வந்தே?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். ஒரு நாள் முழுக்கப் போவதைச் சொட்டு விடாமல் அந்தக் கேனில் சேர்த்தால்தான் அவளுக்கு எவ்வளவு உப்பு போகிறது என்று தெரியும்.

"ஒரே ஊத்துல ரெண்டு பேரையும் கவுத்துட்டியேய்யா!" என்றார் சார். "இத நான் வாங்கியிருந்தா, பிள்ளைக்குக் கிருமியே இல்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"நான் என்ன சார் பண்ணட்டும்? போக மாட்டேங்கிறான். உடம்பு நெருப்பாக் கொதிக்குது." அவன் ஜன்னல் பலகையைத் தட்டினான். "நடுவுல வர்றதப் புடி, நடுவுல வர்றதப் புடின்னு உள்ள உக்காந்துட்டுச் சொல்றீங்களே, நீங்க வந்து புடிங்க பாப்போம்!"

யாரும் சிரிக்கவில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்தார். மாடிக்குப் போன் போட்டு, கேனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஜன்னலில் அரை ஆளாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, அவருக்குக் கால் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தையிடமிருந்து பிள்ளையை வாங்கி, கழுவித் துடைத்து, தொடைமேல் நிறுத்தினார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் தொப்புளுக்குக் கீழே மெல்லத் தேய்த்தார். "பெரிய மனசு பண்ணு ராசா. உங்கம்மா மேல காத்துட்டிருக்கா."

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போனான்.

முதலில் வந்தது சட்டைக்குப் போயிற்று. சார் அசையவில்லை. நடுவில் பாட்டிலைக் கொண்டுவந்து பிடித்தார், விலக்கினார். கடைசியும் சட்டைக்கே. நெஞ்சிலிருந்து சொட்டச் சொட்ட மூடியைத் திருகினார். பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடினார்.