வெளியே போன நேரம்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டெல்லியில் ஜூன் மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

1982 ஜனவரி 19, செவ்வாய் இரவு. கட்டிடத்துக்குள் இருந்தவர்கள்:

சேஷன், ஆய்வாளர்.

காத்தவராயன், கேட் காவலாளி.

வடிவேல், தற்காலிக உதவியாள். அது நான்.

மூன்று பேர். கேட் ரெஜிஸ்டரிலும் மூன்று பேர்தான்.

நான் வேதியியல் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து ராத்திரி வேலைதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தப் பரிசோதனைக்கூடம். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ஊசிமருந்துகளில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். பகலில் கரண்ட் ஏறி இறங்கும், மெஷினின் முள் ஒரு இடத்தில் நிற்காது. நடுராத்திரிக்கு மேல்தான் அடங்கும். அதனால் ராத்திரியில் அளப்போம்.

முறை எளிது. மருந்தில் கொஞ்சம் எடுத்துத் தாமிரக் கரைசல் விட வேண்டும். பத்து நிமிஷம். பிறகு இன்னொரு திரவம். அரை மணி நேரம். புரதம் இருந்தால் நீலம் வரும். நிறைய இருந்தால் அடர்நீலம்; எவ்வளவு அடர்த்தி என்று மெஷினின் முள் காட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி கிடக்கும்.

அந்த நீலத்தை எதோடு ஒப்பிடுவது? இவ்வளவு புரதம் என்று முன்பே தெரிந்த ஒன்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆறு மாதம் ஆகும். அதனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் ரத்தத்தை எடுப்பார்கள். அதில் புரதம் நிறைந்த தெளிநீரான சீரத்தைப் பிரித்து, உலர்த்தி, இருநூற்று நாற்பது சின்னக் கண்ணாடி ஆம்பூல்களில் அடைத்துக் குளிரறையில் வைப்பார்கள். அதுதான் அளவுகோல். வாரத்துக்கு இரண்டு உடைப்போம்.

அப்போது இருந்தது பாலசுப்ரமணியத்தின் ரத்தம். பாலு ஸார். பழைய ஆய்வாளர். 1979 அக்டோபரில் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் ரிடயர் ஆகித் திருச்சிக்குப் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றரை வருஷமாக, வாரம் இரண்டு முறை, அவரை உடைத்திருக்கிறேன்.

டிசம்பரில் ஆம்பூல்கள் தீரப் பார்த்தன. சேஷன் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை ரத்தம் நீ குடு. பர்மனென்ட் ஆர்டருக்கு நான் எழுதறேன்."

"எவ்வளவு ஸார்?"

"ஒரு பாட்டில். எருமை மாதிரி இருக்கே, ஒனக்கென்ன?"

கொடுத்தேன். பர்மனென்ட் ஆனால்தான் டெல்லியில் எனக்கு ஒரு நிலை. வேறு எதற்காகவும் கொடுத்திருக்க மாட்டேன். டிசம்பர் 28, காலை. எழுந்து நின்றதும் மயங்கி விழுந்தேன். பின்பக்க கேட் வழியாக வேனில் கொண்டுபோய் என் அறையில் போட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 19 இரவு, பழைய அளவுகோலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் புதியது செல்லும். என் ஆர்டரும் செல்லும். மூன்று குழாய்கள். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் பாலு ஸார், கடைசி ஆம்பூல். மூன்றாவதில் நான்.

மணி 1.30. ஆம்பூலின் கழுத்தை உடைத்தேன். எப்போதும் 'டிக்' என்று சத்தம் வரும்.

அன்று 'ஹ்ஹா...' என்றது. ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை யாரோ விட்ட மாதிரி.

மணி 2.10. மூன்றாவது குழாய் நல்ல நீலம். முதலாவது தெளிவு. அது சரி.

இரண்டாவதும் தெளிவு.

முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம். தட்டிப் பார்த்தேன். பூஜ்யம். அந்தக் குழாயில் யாரும் இல்லை.

மாடியில் சேஷன் ஹீட்டர் பக்கத்தில் கம்பளிக்குள் கிடந்தார்.

"ஸார், ரெண்டாவது வரல."

"போட மறந்திருப்பே. தூக்கம்."

"போட்டேன் ஸார்."

"கீழ்த் தட்டுல ஒண்ணு உருண்டு கெடக்கும். போய்ப் பாரு. கிடைக்கலேன்னா ஒன் ஆர்டர் கோவிந்தா. ஜல்தி."

திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மணி 2.18. குளிரறையின் கதவு அரையடி தடிமன். தாழ்ப்பாள் வெளியே. உள்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்றுவிட்டது. அதனால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்றும் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன்.

மண்டி போட்டுக் கீழ்த் தட்டில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

பின்னால் செங்கல் நகர்ந்தது. தரையில் 'சர்ர்ர்' என்று... மெதுவாக.

டப்.

கதவு.

பிறகு தாழ்ப்பாள்.

தள்ளினேன். உதைத்தேன். "காத்தவராயண்ணே" என்று கத்தினேன். சத்தம் கதவைத் தாண்டவில்லை. கேட் நூறு அடிக்கு அப்பால். சேஷன் மாடியில். காலையில் ஆட்கள் வர எட்டரை ஆகும். திரவம் படாமலிருக்க ஸ்வெட்டரைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தேன். உடம்பில் ஒரு பருத்திச் சட்டை. நான்கு டிகிரி. எட்டரை வரை தாங்காது என்று தெரிந்தது.

மூச்சு விட்டேன். பல்பு வெளிச்சத்தில் புகை மாதிரி வந்தது.

பக்கத்தில் இன்னொன்று வந்தது.

என் தோள் உயரத்தில். குள்ளமான ஆள் நின்றால் வாய் இருக்கும் இடத்தில்.

என் மூச்சின் எதிரொலி மாதிரி ஏதோ என்று நினைத்தேன். வாயைப் பொத்தினேன். மூச்சை அடக்கினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

புகை வந்தது.

மறுபடி வந்தது.

அவசரமில்லாமல். வரிசையில் நிற்கிறவன் விடுகிற மூச்சு மாதிரி.

மணி 2.40. தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை.

அந்த மூச்சு என்னைத் தாண்டிப் போனது. வாசலைத் தாண்டியதும் மறைந்தது.

நானும் ஓடினேன். இரண்டே எட்டு.

கதவு என் முகத்தில் மூடியது.

தாழ்ப்பாள்.

அதற்குப் பிறகு என் மூச்சு மட்டும்தான் இருந்தது. அதை எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூற்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.

மணி 3.05. காத்தவராயன் கதவைத் திறந்தார். கையில் டார்ச்.

"என்ன தம்பி, உள்ள மாட்டிக்கினியா?"

"எப்படித் தெரியும்?"

"பாலு சாரு சொன்னாரு. உள்ள ஒரு பையன் இருக்கான், பாருன்னு."

கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எப்ப வந்தாரு?"

"வந்தத பாக்கல. போறதத்தான் பாத்தேன். மப்ளர் சுத்தியிருந்தாரு. உள்ள வந்த கையெழுத்து இல்லாம வெளிய விட மாட்டேன் சார்னேன். பழைய ரெஜிஸ்டர எடுன்னாரு. எடுத்துக் குடுத்தேன்."

கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 1979 அக்டோபர் 9. பாலசுப்ரமணியம். உள்ளே வந்த நேரம், 8.50. அது மங்கிப்போன மை. வெளியே போன நேரம், 2.50. அந்த மை இன்னும் ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது.

"ரத்தம் குடுத்தன்னிக்கு இவரும் மயங்கிட்டாரு" என்றார் காத்தவராயன். "பின்கேட்டு வழியாத்தான் இட்டுனு போனாங்க. இத்தினி வருசமா அந்தக் கட்டம் காலியாத்தான் கெடந்துது."

மறுநாள் மதியம் சேஷனுக்குத் தந்தி வந்தது. பாலசுப்ரமணியம் திருச்சியில் இறந்துவிட்டார். பிற்பாடு அவர் மகன் கடிதம் எழுதியிருந்தான். சேஷன் எனக்குப் படித்துக் காட்டினார். ரிடயர் ஆகி வந்ததிலிருந்து படுக்கைதானாம். என்ன வியாதி என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லையாம். திருச்சியின் மே மாதத்திலும் மப்ளர் சுற்றிக்கொண்டு, கதவைத் திற, கதவைத் திற என்பாராம். திறந்திருக்கும் கதவைப் பார்த்து.

உயிர் போன நேரம் இரவு 1.30.

தந்தி வந்த அன்று சாயங்காலமே புது ரெஜிஸ்டரைப் புரட்டினேன். 1981 டிசம்பர் 28. வடிவேல். உள்ளே வந்த நேரம், 9.05.

வெளியே போன நேரம்... காலி.

காத்தவராயனிடம் பேனா வாங்கி எழுதினேன். 11.00. அழுத்தி எழுதினேன். மறுநாள் பார்த்தால் கட்டம் வெள்ளையாக இருந்தது. மூன்று நாள் எழுதினேன். மூன்று நாளும் அப்படித்தான்.

என் ஆம்பூல்களை உடைத்துக் கொட்டிவிடும்படி சேஷனிடம் கேட்டேன். "பைத்தியமா ஒனக்கு?" என்றார். அவர் வேறு முறையில் இரண்டு நாள் மெனக்கெட்டு என் சீரத்தை அளந்து, செல்லும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் வேலையை விட்டு நின்றேன்.

போன வாரம் அனுபவச் சான்றிதழ் வாங்கப் போனேன். பகல் பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. நான் ஸ்வெட்டரோடு நின்றேன்.

"பர்மனென்ட் ஆர்டர் வந்துது. நீதான் இல்லை. முட்டாள்" என்றார் சேஷன்.

"இன்னும் எத்தனை இருக்கு ஸார்?"

"எது?"

"நான்."

சிரித்தார். சாவியை எடுத்துக் குளிரறையைத் திறந்து காட்டினார். "நூத்தித் தொண்ணூத்தாறு. ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். தட்டுகளில் ஆம்பூல்கள் வரிசையாக இருந்தன. உள்ளே யாரும் இல்லை.

பல்புக்குக் கீழே ஒரு மூச்சு வந்தது. புகை மாதிரி. சரியாக என் உயரத்தில்.

நான் மூச்சை அடக்கினேன்.

அதுவும் நின்றது.

சேஷன் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைத் தள்ளினார். பூட்டினார்.