ப்ளே என்ற சொல்லும் தபசு மரமும்

முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் 'ப்ளே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பந்து ஆடுவதும் ப்ளே, மேளம் அடிப்பதும் ப்ளே, நாயனம் ஊதுவதும் ப்ளே, டேப் ரெக்கார்டரில் கேசட் போடுவதும் ப்ளே. நாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்க, வெள்ளைக்காரன் ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில், கூத்தில் வேஷம் கட்டுவதும் ப்ளேதான், அதற்கும் ஒரு வாக்கியம் எழுதி வாருங்கள் என்றார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

காரணம் என் நைனா. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கூத்தில், அந்த வெள்ளிக்கிழமை தபசு மரம் ஏறும் ராஜா வேஷம் அவருக்கு. தபசு மரம் என்பது நட்டு நிறுத்திய நெட்டைப் பனை. ஏறுவதற்குக் கட்டைகள் அடித்திருக்கும். உச்சியில் நின்று பாடி, சாமியிடம் வரம் கேட்டு, எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச வேண்டும். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். காப்புக் கட்டியதிலிருந்து நைனா செருப்புப் போடவில்லை. வீட்டில் கறி சமைக்கவில்லை. இதைப் போய் விளையாட்டு என்று எப்படி எழுதுவது?

அதுகூடப் பரவாயில்லை. வைக்கோல் போரிலிருந்து இறங்கும்போது நைனா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்ததை நான் மட்டும் பார்த்திருந்தேன். "கிறுகிறுன்னு வந்துச்சி, அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லாத" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. பயம் தாங்காமல், கூத்தில் கோமாளி வேஷம் கட்டும் மாமாவிடம் சொன்னேன். அவர் நைனாவின் பால்ய சிநேகிதர். தையல் கடை வைத்திருந்தார்.

"காப்பு கட்டிக்கினப்புறம் நிறுத்த முடியாது பாப்பா. நான் கீயதான இருப்பேன்" என்றார். கீழே நின்று என்ன கிழிப்பார் என்று ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைனா ஏறினார். பாடினார், பழம் வீசினார். பெண்கள் முந்தானையில் பிடித்தார்கள். அப்புறம் பாட்டு பாதியில் நின்றது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். உடம்பு நடுங்கியது.

"அருள் வந்துடுச்சி!" என்று யாரோ கத்த, ஊரே கோவிந்தா போட்டது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். தபசில் இருக்கும்போது வேறு ஆள் மரத்தைத் தொடக் கூடாது. 'நைனா' என்று நான் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. விழப்போகிறார் என்றே நினைத்தேன்.

அப்போது கோமாளி மாமா கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். கூத்தில் கோமாளிக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. ராஜாவையும் கேலி செய்யலாம், சாமியையும் கேட்கலாம்.

"இன்னா ராசாவே! ஏறத் தெரிஞ்சிச்சி, எறங்கத் தெரியலியா? சாமி வரம் குட்த்துட்டு வூட்டுக்குப் போயி நாஷ்டா துன்னுக்கினு கீது. உனுக்கு இன்னும் இன்னா வேல அங்க? கண்ண மூடிக்கோ. ஒரு கால கீய வை. அது காலா, ஒலக்கையா?"

கூட்டம் சிரித்தது. நைனாவின் கால் துழாவித் துழாவிக் கட்டையைத் தொட்டது.

"இப்ப அடுத்த கால். மெதுவா! உன் ராணி எங்கியும் ஓடிப்போவ மாட்டா."

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கேலி. பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன். கால் தரையில் பட்டதும் நைனாவைத் தோளில் சாய்த்து, குதித்துக் குதித்து ஆடிக்கொண்டே மாமா அவரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நான் ஓடினேன். அங்கே நைனா உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமாதான் தரையில் குப்புறக் கிடந்து, முகத்தில் பூசிய அரிதாரம் கரைய விம்மி விம்மி அழுதார்.

"அதான் எறங்கிட்டனேடா, அழுவாத" என்று நைனா அவர் முதுகைத் தடவினார். திரைக்கு வெளியே, மாமா சொன்னதை ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.