என் குடலுக்குள் மின்னிய புள்ளிகள்

நாட்டில் சண்டை நடந்த காலம். மாதக்கணக்கில் நிற்காத வயிற்றோட்டத்தால் எலும்பும் தோலுமாகிவிட்டேன். மாத்தளையில் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் அதைப் புற்றுநோய் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் என் குடலிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று, பயத்தில் ஆய்வுகூட வாசலிலேயே நின்று மனைவியிடம், "வா புள்ள, வீட்டுக்கே போயிருவோம்" என்றேன்.

அதைக் கேட்டுவிட்ட அங்குள்ள டொக்டரம்மா, "எங்க போறீங்க? வந்து உங்க வயித்தப் பாத்துட்டுப் போங்க" என்றார். நான் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றினேன்.

"இது என்ன கோயிலா? போட்டுக்கிட்டே வாங்க."

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் செம்புள்ளிகள் மின்னின.

"வெசாக் பண்டிகைக்குப் போடுற லைட்டு மாதிரி இருக்குதுங்க."

"அதெல்லாம் உங்க குடல் சதைக்குள்ள பூந்துக்கிட்ட கிருமிங்க. அதுங்களோட மரபணுவுல மட்டும் ஒட்டிக்கிட்டு ஒளிர்ற மருந்து போட்டிருக்கோம்."

"அப்ப புத்துநோய் இல்லீங்களா?"

"இல்லீங்க. மாத்திரையில சுகமாயிரும். நடுவுல மட்டும் விட்டுராதீங்க."

"நானும் பாக்கட்டுங்களா?" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வாயால் மட்டும் சொல்லியிருந்தால், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே எண்ணி, மாத்திரையும் வாங்காமல் பஸ் ஏறியிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன விளங்கும் என்று நினைக்காமல் அவர் காட்டினார். அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன்.