மகளுக்கு முன்னமே வந்ததென்று நம்பினேன்

காலை ஐந்து நாற்பதுக்கு மகள் என்னைக் கூப்பிட்டு வயிற்றைக் காட்டினாள். ஏழு மாத வயிற்றின் மேல் நீர் கோத்த மூன்று கொப்புளங்கள். கழுத்தில் இன்னும் இரண்டு. உடம்பு கொதித்தது.

இரண்டு கிழமைக்கு முன், பக்கத்து வளவில் கணவரின் அக்காவான மச்சாளின் பேரப்பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான், நாங்கள் அம்மாள் என்று சொல்லும் சின்னம்மை, வந்தபோது, கஞ்சி கொண்டுபோய்ப் பருக்கியவள் இவள்தான். அனுப்பியது நான். ஐந்து வயதில் இவளுக்கு அம்மாள் வந்துபோனது, இனி வராது என்ற துணிவு எனக்கு.

வந்தது அம்மாள்தானா? எங்கள் நெடுந்தீவில் அம்மாளை யாரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. அன்று மச்சாள் பார்த்து அம்மாள் என்றார். நாங்கள் வாசலில் வேப்பிலை செருகினோம். மூன்றாம் நாளே பருக்கள் அடங்கின, ஒரு தழும்புகூட இல்லை. வெறும் வெக்கைப் பருவாக இருந்திருக்கும். இவளுடைய கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர், வராவிட்டால் இரண்டு தடுப்பூசி போடலாம், கர்ப்பமான பிறகு போட முடியாது என்றார். வந்துவிட்டது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. வெயில் தொடங்கினால் வகுப்பில் நாலைந்து கதிரைகள் வெறுமையாகும். பிறகு அந்தப் பிள்ளைகள் காய்ந்த புள்ளிகளோடு வந்து ஓடி விளையாடுவார்கள். எல்லாருக்கும் வந்து மாறுவதால் எங்களுக்குப் பயமே இல்லை. வளர்ந்தவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிக்கு, அது நுரையீரலில் இறங்கக்கூடும் என்று படித்திருந்த எனக்கும் இருக்கவில்லை.

கர்ப்பிணிகளை வீடுவீடாக வந்து பார்க்கும் குடும்பநல மாதுவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வைக்கும் முன்பே மச்சாள் வேப்பிலைக் கட்டோடு வந்து, அம்மாள் நிற்கிற வீட்டுக்கு வெளியாட்கள் வரக்கூடாது, மருந்து, குளிசை கொடுத்தால் அம்மாளுக்குக் கோபம் கூடும் என்றார். நான் படலையை அகலத் திறந்து வைத்தேன்.

“நீர் படிப்பிக்கிறது பள்ளிக்கூடத்தில. அம்மாளுக்கு இல்லை.”

“அம்மாள் கோவிச்சால் என்னோட கோவிக்கட்டும். ஒருக்கா உங்கட சொல்லைக் கேட்டுத்தான் இண்டைக்கு இப்பிடி நிக்கிறன்.”

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். உள்ளே மகள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் நான் உள்ளே போய் அவள் மூச்சைப் பார்த்தேன்.

ஏழு மணியளவில் குடும்பநல மாது மோட்டார் சைக்கிளில் வந்தார். மகளின் மூச்சை எண்ணினார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார். பிறகு, வேப்பிலையோடு வாசலில் நின்ற மச்சாளைப் பார்த்தார்.

“இலை இருக்கட்டும் அம்மா, அது ஒண்டும் செய்யாது. ஆனால் குளிசை இண்டைக்கே தொடங்கவேணும். டொக்டர் ஆஸ்பத்திரிப் படகுக்குச் சொல்லிப்போட்டார். நான் ரெண்டு தடுப்பூசியும் போட்டனான், எனக்குத் தொத்தாது, பிள்ளைக்குப் பக்கத்தில நான் இருந்து வாறன். வெளிக்கிடுங்கோ.”