நான் மறுபடி போய்க் கேட்ட வீடுகள்

சமூக உளவியல் படித்தவள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிபடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள். "எம் மனசுல இப்ப என்ன ஓடுதுன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். இலைக்கு இன்னும் பாயசம் வரவில்லையே என்று ஓடுகிறது, வேறென்ன? ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்னொரு கூட்டத்தார் "அவிய இப்படித்தான்" என்று எதை வைத்து முடிவு கட்டுகிறார்கள், அந்த முத்திரை விழுந்தவர்கள் என்ன ஆகிறார்கள், இதுதான் என் படிப்பு. இருபது வருஷமாகக் கல்லூரியில் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி முடித்தாலும், "அப்ப ஜோசியம் இல்லையா?" என்று கேட்கிறவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது.

சில வருஷங்களுக்கு முன் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அதை வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. தலைப்பில் 'சாதி' என்ற சொல் வரக்கூடாது என்று ஒரு கமிட்டி. அது இல்லாமல் ஒன்றும் விளங்கவில்லை என்று இன்னொரு கமிட்டி. கடைசியில் 'அண்டை அயல் உறவுகள்' என்று மொட்டையாக ஒரு பெயரை வைத்துத் தப்பித்தேன். பக்கத்து வீட்டுக்கு வேறு சாதிக்காரர் குடிவந்தால் சம்மதமா, உங்கள் மாடியை அவர்களுக்கு வாடகைக்கு விடுவீர்களா, அவர்கள் வீட்டில் கை நனைப்பீர்களா என்று கேள்விகள்.

களப்பணிக்கு என்னிடம் எம்.ஏ. படித்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். தளவாய்புரத்துக்குப் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து வருகிறவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. கெட்டிக்காரி, பேச்சு கம்மி. வேலையை ஒழுங்காக முடித்தால் முனைவர் பட்டத்துக்கு என்னிடமே பதிந்துகொள்வது என்று பேச்சு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பதிவு ஆகிவிட்டால் மூன்று நாலு வருஷம் கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். என் கையெழுத்து விழாவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே தெருவில் கிழக்குப் பக்கத்து வீடுகள் எனக்கு, மேற்குப் பக்கம் அவளுக்கு. எங்கள் ஊர்களில் வாசலில் நின்றால் முதலில் பெயரைக் கேட்கமாட்டார்கள். "எந்தத் தெரு நீங்க?" என்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். நான் என் தெருவைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டார்கள், காபி கொடுத்தார்கள். "இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கா? எல்லாரும் மனுசந்தான" என்றார்கள். நானும் சம்மதம், சம்மதம் என்று டிக் அடித்துக்கொண்டே போனேன்.

அவள் கொண்டுவந்த படிவங்களில் எல்லாம் தலைகீழ். விடமாட்டோம், சாப்பிடமாட்டோம், வேண்டாம். நடுவில் பத்தடி ரோடு. கிழக்குப் பக்கம் முழுக்க உத்தமர்கள், மேற்குப் பக்கம் முழுக்க சாதி பார்க்கிறவர்களா என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. படிவத்தில் சந்தேகம் வந்தால் அதே வீடுகள் சிலவற்றுக்கு மறுபடி போய்க் கேட்டுப் பார்க்கவேண்டும். நானே போனேன். அதே ஃபேன், அதே காபி. "அப்படி ஒரு வார்த்த எங்க வாயில வருமா? அந்தப் பிள்ள எதையோ எழுதிருக்கா" என்றார்கள்.

அவளைத் துறைக்குக் கூப்பிட்டு, படிவக் கட்டை மேஜையில் போட்டேன். "ஒனக்கு இந்த ஊர்மேல கோபம் இருக்கலாம். அத எல்லார் வாயிலயும் வச்சு எழுதக்கூடாது" என்றேன். இந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஒரு எழுத்துகூட நான் மாத்தல மேடம்" என்றாள். "ஒங்ககிட்ட அப்படிச் சொல்லமாட்டாங்க."

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதையே அவள் ஒரு வரியில் சொல்கிறாள், எனக்குச் சாக்குப்போக்காகக் கேட்கிறது. பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து ராஜபாளையத்தில் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சில தெருக்களுக்கு அவள் தனியாகவும் போயிருந்தாள்; படிவத்தில் பெயர் எழுதாமல் வீட்டு எண் மட்டும் போடுவதால் அந்த வீடும் அவளுடைய படிவக் கட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. சித்தி முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள், "ஒங் காலேஜ்ல இருந்து ஒரு பிள்ள வந்தாளே, மாடிய வாடகைக்கு விடுவீகளான்னு. எந்தத் தெருன்னு கேட்டேன். சொன்னா. ஒங்களுக்கெல்லாம் எப்படித்தா விடமுடியும்னு மொகத்துக்கு நேரயே சொல்லிட்டேன். பாவம், அதையும் எழுதிக்கிட்டா."

"நான் வந்து கேட்டிருந்தா?"

"ஒங்கிட்ட ஏன் அப்படிச் சொல்லுதேன்? நீ எழுதி பேப்பர்ல போட்டுருவ. எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்லிருப்பேன்." சித்திக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. முறுக்கு நமத்துப்போச்சோ என்று கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி சித்திமேல், மீதி முழுக்க என்மேல். மறுநாளே தளவாய்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே நைட்டி தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் சூப்பர்வைசராக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. தப்பு என்னுடையது, நீ எழுதியது அத்தனையும் உண்மை, அடுத்த பதிவுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், உன் வீட்டுக்காரரிடம் நானே வந்து பேசுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். "உண்மைன்னு எப்படி மேடம் தெரிஞ்சது?"

"எங்க சித்தி சொன்னாங்க. அவங்க வீட்டுக்கும் நீ போயிருக்க."

"அப்ப நான் எழுதினத அவங்க சொன்னதுனால நம்புறீங்க."

அப்படி இல்லம்மா என்று ஆரம்பித்தேன். அவள் சண்டை போடுகிற குரலில் பேசவில்லை. மார்க் ஷீட்டில் ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நான் வந்து சேருறேன்னே வைங்க. நாளைக்கு இன்னொரு தெருவுக்குப் போய் எழுதிட்டு வருவேன். அதையும் ஒங்க சித்திகிட்ட கேட்டுட்டுத்தான கையெழுத்துப் போடுவீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். இருந்தும், சித்தி சொல்லாமல் நான் இந்த பஸ் ஏறியிருப்பேனா என்றுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.